தற்செயலாக, செவ்வாய்க்கிழமைகளில்

பலகையில் வாக்கியத்தை எழுதி முடித்ததும் சாக்பீஸைக் காதில் செருகிக்கொள்வார் டீச்சர், தச்சர் பென்சிலைச் செருகுவதுபோல. ஜெராக்ஸ் கடை மாடியில் நாலு மணிக்கு நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பு. காலை ஷிப்ட் முடித்த பஸ் டிரைவர், நர்ஸ், கடையைச் சாத்திவிட்டு வரும் தையற்காரர் என்று பதினோரு பேர்.

வாக்கியம் ஆங்கிலம், விஷயம் டீச்சர் வீட்டுடையது. அவர் கணவரின் குறட்டையை இறந்தகாலத்திலும் மகள் வேலை மாறப்போவதை எதிர்காலத்திலும் படித்தவர்கள் அவர்கள். அக்காவோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அம்மாவின் தையல் மெஷினை அக்கா கேட்காமல் எடுத்துக்கொண்டார். இருவருக்குமே தைக்கத் தெரியாது. அக்கா முதலில் பேசட்டும் என்று டீச்சருக்கு வீம்பு.

போன திங்கட்கிழமை பாடம் 'ரன் இன்டு'. "ஒருத்தரைத் தற்செயலா பார்க்கிறது. தெரிஞ்சே போய் நின்னா அது இது இல்ல." மருந்துக் கடையில் அக்காவைத் தற்செயலாகப் பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

"ஒரு சந்தேகம் டீச்சர்," என்றார் டிரைவர். "வகுப்பு முடிஞ்சு போறப்ப நானே பார்க்கிறேன், செவ்வாய்க்கிழமை ஆனா அஞ்சரைக்கு அந்தக் கடையில நிக்கறீங்க. அக்காவும் அப்பதான் வர்றாங்க. இதுக்கும் அதேதானா?"

"நான் பஞ்சு வாங்கப் போறேன்."

"வாராவாரம் வாங்குறதுக்கு மெத்தையே தைச்சிரலாம்," என்றார் தையற்காரர்.

"மெஷின் அக்காகிட்டல்ல இருக்கு," என்றார் நர்ஸ். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நேரே கடைக்குப் போனார். அக்கா வழக்கம்போல ஓர் அட்டை தலைவலி மாத்திரை கேட்டார்.

"போன வாரத்து அட்டையே தீர்ந்திருக்காதேம்மா," என்றார் கடைக்காரர். "வீட்ல யாருக்கு இவ்வளவு தலைவலி?"

அக்கா திரும்பி, தங்கை கையிலிருந்த பஞ்சுப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"உனக்கு எங்கடி அடிபட்டுச்சு?"

"எங்கயும் இல்லக்கா."

அக்கா கையை நீட்டித் தங்கையின் காதிலிருந்த சாக்பீஸை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அதைக் கேட்டு வாங்க, டீச்சர் பின்னாலேயே போனார்.