எல்லாப் படத்திலும் அமரர்

அம்மாவின் வருஷத் திதிக்கு ஒரு படத்தொகுப்பு செய்யலாம் என்று, கணினியில் இருந்த குடும்பப் படங்களிலிருந்து அம்மா இருப்பதை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களுக்கெல்லாம் ‘அமரர்’ என்று குறிச்சொல் போட்டேன். ‘அம்மா’ என்று போட முடியவில்லை. என் பிள்ளைகள் அதை ஏற்கெனவே என் படங்களுக்குப் போட்டுவைத்திருந்தார்கள்.

பல மாதங்கள் பிடித்த வேலை அது. கூட்டத்தின் ஓரத்தில் பாதி முகம், சமையலறையில் திரும்பி நிற்கும் முதுகு, இதையெல்லாம் கணினி தானாகக் கண்டுபிடிப்பதில்லை. சேலையை வைத்து நான்தான் அடையாளம் கண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, எல்லாப் படங்களும் தேர்வாகியிருந்ததைக் கவனிக்காமல் குறிச்சொல்லை அழுத்திவிட்டேன். அப்படியே கணினியை மூடிவிட்டு பூன் லே சந்தைக்குப் போனேன். மீன் வாங்கும்போது கைபேசி அடித்தது. புக்கிட் மேராவிலிருந்து அத்தை, என் தாய்மாமாவின் மனைவி.

“படத்துக்குக் கீழ என்னம்மா எழுதி வெச்சிருக்கே?”

படங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய கைபேசிக்கும் தானாகப் போகும்படி பிள்ளைகள் செய்துவைத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். கல்யாணப் படம், தைப்பூசப் படம், விற்பதற்காக எடுத்த பழைய குளிர்பெட்டியின் படம், எல்லாவற்றின் கீழும் அமரர். மாமா ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடும் படத்திலும் அமரர்.

“திங்கக்கிழமை மாமாவுக்கு நெஞ்சுல ஆப்பரேஷன். தெரியும்ல?”

“தெரியும் அத்தை. தவறுதலா...”

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. “யாரு, என்னை முடிச்சுவிட்டவளா? மீ கோரெங்கும் போயிடுச்சான்னு கேளு லா.”

அத்தை சிரிக்கவில்லை. “அவர் இருக்கிற ஒரு படத்துல அந்த வார்த்தை இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன்” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மொத்தமாக நீக்குவது ஒரு நொடி வேலை. ஆனால் அம்மாவைத் தேடி எடுத்ததெல்லாம் அதோடு போய்விடும். யாரிடமாவது கேட்கலாம் என்றால் எனக்குக் கூச்சம். கணினியை நான் தொட்டுத் தொட்டுப் பழகியதுதான், யாரும் சொல்லித் தந்ததில்லை.

மீனைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகல் எடுத்தேன். பிறகு ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் திறந்து பார்த்தபோது, கடைசியாக மாற்றிய தேதி என்று ஒன்று இருந்தது. காலையில் குறிச்சொல் புதிதாக ஏறிய படங்களில் அன்றைய தேதி. அம்மாவின் படங்களில் அது முன்பே இருந்ததால் கணினி அவற்றைத் தொடவில்லை. பழைய தேதியே இருந்தது. தேதிப்படி அடுக்கி, அன்றைய தேதி உள்ளவற்றிலிருந்து மட்டும் நீக்கினேன். அழுத்தும் முன் எத்தனை படம் தேர்வாகியிருக்கிறது என்று இந்த முறை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு புக்கிட் மேரா போனேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தேக்கா கடைத்தெருவில் எடுத்த படத்தில் நின்றுவிட்டார். தீபாவளிக் கூட்டத்தில் மாமா தொலைந்துவிடப் போகிறார் என்பதுபோல் அம்மா அவருடைய சட்டைக்கையைப் பிடித்திருந்தார். இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

“இதுல இன்னும் இருக்கே.”

“அது அம்மாவுக்குப் போட்டது அத்தை.”

“பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேருல்ல நிக்கிறாங்க.”

அத்தை கேட்டது நியாயம்தான். குறிச்சொல் படத்தில்தான் ஒட்டுகிறது, ஆளில் இல்லை. அம்மாவின் படங்களில் பாதிக்கு மேல் மாமா பக்கத்தில் நிற்கிறார். அவற்றை எடுத்துவிட்டால் தொகுப்பில் என்ன மிஞ்சும்?

மாமா எட்டிப் பார்த்தார். “அந்த வார்த்தையை மாத்தி ‘அக்கா’ன்னு போடு.”

“எனக்கு அம்மா, என் பிள்ளைங்களுக்குப் பாட்டி. குழம்பிடும் மாமா.”

“எனக்கு அக்கா. ஆப்பரேஷன் எனக்குத்தானே?”

குறிச்சொல்லின் பெயரை ஓர் இடத்தில் மாற்றினேன். எல்லாப் படத்திலும் மாறியது. அத்தை தன் கைபேசியில் கடைசிப் படம்வரை தள்ளிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

“நாளைக்கு வெள்ளன கிளம்பணும். சட்டையெல்லாம் பையில வெச்சாச்சா?” என்று மாமாவிடம் கேட்டார்.