பெல்ட்டடியில் எடுத்த படம்

மலையடிவாரத் தங்கச் சுரங்கத்தை மூடி மியூசியமாக்கியபோது வாசலில் ஆளுயரப் படம் ஒன்றை மாட்டினார்கள். பின்னால் பாதி மலையை மறைக்கும் கழிவுக்கல் மேடு. முன்னால், சுரங்கக் கல் ஓடிவரும் பெல்ட்டருகே ஒரு கல்லை ஏந்திச் சிரிக்கும் ஒரு பெண். அடிவாரத்து வீடொன்றின் இளைய மருமகள்.

அதே வீட்டின் மூத்த மருமகளுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. அந்த பெல்ட்டில் ஓடிவரும் பாறைத்துண்டுகளிலிருந்து வெறுங்கல்லைப் பொறுக்கி எறிந்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள் அவள். தங்கம் இருக்கக்கூடிய வெள்ளை நரம்பு ஈரக்கல்லில் எங்கே ஓடுகிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். இளையவளோ பதினோரு மாதத்தில் தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று நின்றுவிட்டாள். படமெடுக்க ஆள் வந்த அன்று, கண்ணில் சில்லு தெறித்து மூத்தவள் மருத்துவமனையில் இருந்தாள். அவள் இடத்தில் நின்றது இளையவள்.

போதாக்குறைக்கு மியூசியத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை மூத்தவளுக்கே கிடைத்தது. எல்லாக் கண்ணாடியும் பளபளக்கும். ஓரகத்தியின் முகத்தில் மட்டும் துணி படாது. ஒருநாள் இளையவளே வந்து பார்த்துவிட்டாள்.

"அக்கா, என் மூக்குமேல ஈ உக்காந்திருக்கு, பாக்கலையா?"

"நெஜ மூக்கா இருந்தா நீயே வெரட்டியிருப்பே."

பார்வையாளர்கள் காதில் மாட்டிக் கேட்கும் ஒலிப்பதிவுக்கு, படத்தில் உள்ள பெண்ணே தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார் மியூசியம் அதிகாரி. இளையவள், "கல்லு வரும், எடுப்போம், போடுவோம்" என்பதோடு திணறிப்போனாள். நேராக மூத்தவளின் சமையலறைக்கு வந்தாள்.

"நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக்குடுங்கக்கா, நான் பேசறேன்."

"படமும் உனக்கு, பேச்சும் உனக்கு. எனக்கு வெளக்கமாறா?"

இளையவள் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நீங்களே பேசுங்க. நானே அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். சொல்லவும் செய்தாள்.

மூத்தவள் நாற்பது நிமிஷம் பேசினாள். விரல் மரத்துப்போகும் குளிர்நீரையும், வேலை விட்டு வந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்த பெல்ட்டையும் சொன்னபோது அதிகாரி எழுதுவதையே மறந்துவிட்டார்.

ஒரு மாதத்தில் இளையவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "கடையில ஆளாளுக்கு உங்க பேச்சைத்தான் சொல்றாங்க. என் படத்தை ஒருத்தர்கூடக் கேக்கலை."

மூத்தவளுக்கு உள்ளம் குளிர்ந்தது, ஒரே ஒரு நாளைக்கு. மறுநாள் ஒரு குடும்பம் காதில் மாட்டுவதைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் படத்தோடு நின்று செல்பி எடுத்ததைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"என்னையும் ஒரு படம் எடுங்க சார்."

எடுத்தார், பக்கத்திலேயே மாட்டவும் செய்தார். ஓரகத்தி படத்தைவிட அது ஒரு முழம் சின்னது. மூத்தவள் அன்றைக்கே அளந்து பார்த்துவிட்டாள்.