அழுக்குப் படாத திண்டு

எங்கள் அத்தான் எக்ஸ்ரே எடுப்பவர். "ஆடாதீங்க, மூச்சைப் புடிங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்க ஊரையே ஆட்டிவைப்பவர், வீட்டில் அக்காவைக் கேட்காமல் மூச்சு விடமாட்டார். ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயப் பைத்தியம் பிடித்தது. போன வருடம் சைக்கிள் கட்டத்திலேயே நேரம் முடிந்துவிட, அவரையும் சைக்கிளையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். "இந்தத் தடவையும் வேன்ல வந்தேன்னா சைக்கிளை வித்துடறேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். அதுதான் எங்களுக்குக் கவலை.

அதற்காகவே ஏரோபார் வாங்கினார். ஹேண்டில்பாரிலிருந்து முன்னால் நீளும் இரண்டு கம்பிகள், அவற்றின் மேல் ஒட்டிப் பிய்த்தெடுக்கிற பஞ்சுத் திண்டுகள். முழங்கைகளைத் திண்டில் ஊன்றிக் குனிந்தால் காற்று முதுகுக்கு மேலே போய்விடும். கடைக்காரர், "சார், திண்டுக்கு அடியில இந்த ஸ்பேசர் கட்டைங்களைப் போட்டு ஒசத்திக்குங்க" என்றார். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் பரிசு வாங்கியவனின் போட்டோவைக் காட்டி அதே தாழ்வில் பொருத்திக்கொண்டார். போட்டோவில் இருப்பவனுக்குத் தொப்பை இல்லை என்பதை நான் சொல்வானேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டிவிட்டு வந்து, "சும்மா பறக்குது" என்பார். நான் நம்பினேன். பந்தயம் நெருங்கியபோது, துவைக்கலாமென்று அக்கா திண்டுகளைப் பிய்த்தெடுத்தாள்.

"ஹேண்டில்ல சுத்தின டேப்பு கரித்துணி மாதிரி இருக்கு. இது மட்டும் கடையில வாங்கின மாதிரியே இருக்கே. இதுல கை வெச்சீங்களா இல்லையா?"

அத்தான் தரையைப் பார்த்தார். "குனிஞ்சா முட்டி வயித்துல இடிக்குது. மூச்சு விட முடியல."

"ஊரையே மூச்சுப் புடிக்கச் சொல்றீங்கல்ல, நல்லா வேணும்" என்று சிரித்தபடி ஸ்பேசர் டப்பாவைத் தேடி எடுத்துவந்தாள்.

இருந்தது அத்தனையும் ஏறியது. ஏறி உட்கார்ந்தால், ஜன்னலில் கையூன்றிப் பக்கத்து வீட்டு வம்பு கேட்பவர் மாதிரி இருந்தார். நான் சிரித்ததற்கு முறைத்தார்.

பந்தயத்தன்று அந்த வேன் வந்து நின்றபோது அதன் கதவுக்கு ஓடினேன். யார் யாரோ இறங்கினார்கள். அத்தான் இல்லை. அவர் அதற்குள் சைக்கிளை முடித்து, ஓட ஆரம்பித்திருந்தார்.

கடைசிக்கு முந்தின ஆளாக வந்துசேர்ந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. நேரே சைக்கிளிடம் போய்த் திண்டைப் பிய்த்து மோந்து பார்த்தாள்.

"நாத்தம் குடலைப் புடுங்குது" என்றாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை அதைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.