மில் முடிச்சு

எழிலரசன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது பெரிய மார்க்கெட்டில், மீன் விற்கும் குஞ்சம்மாள் வாயால். சங்கரா மீனை அரிந்துகொண்டே, "ஒங்க சாரத்து ஆளாம்க்கா. எங்க ஆளுங்க மீன் புடிக்கப் போனா, இவன் குப்பை புடிக்கப் போறான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

சாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறவு பிடிபட்டது. என் நடு நாத்தனாருக்கு ஒரு கொழுந்தன், மில்லில் தறி ஓட்டினவன். அவனுடைய ஒரே மகன்தான் இவன். பேர் வைத்த சமயம் நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். முறைக்கு நான் அவனுக்கு அத்தை.

மில் மூடின பிறகு அந்த வீட்டில் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். எழிலரசன் நோணாங்குப்பத்தில் ஆற்றுப் படகு ஓட்டப் போனான். பதினாறு வருஷம் பிறத்தியார் படகு. அப்புறம் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிச் சொந்தமாக ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, ஆற்றோடு போய், முகத்துவாரம் தாண்டிக் கடலைக் காட்டிவிட்டு வருவான். ஒரே ஒரு நிபந்தனை. திரும்பும்போது ஆளுக்கு ஒரு சாக்கு குப்பை பொறுக்க வேண்டும். நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். அறுந்த செருப்பு, பால் கவர் என்று என் சாக்கும் நிறைந்தது. "அத்தைதான் இன்னைக்கு பர்ஸ்ட்டு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

கடல் தொழில் அவனுக்கு வழிவழியாக வந்ததில்லை. அப்பனிடமிருந்து அவனுக்கு வந்தது ஒரு முடிச்சு மட்டும்தான். தறியில் இழை அறுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். மார்க்கெட்டில் மீன் பையைக்கூட அப்படித்தான் கட்டுவான். ஒரு நாள் குஞ்சம்மாள் அதைப் பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை.

"இதென்னடா முடிச்சு, நகம் பேந்துடும் போல?"

"எங்கப்பா முப்பது வருஷம் போட்டதுக்கா. ஒண்ணு கூட அவுந்ததில்ல."

"அதத்தான்டா சொல்றேன். கடல்ல அவுக்க வராத முடிச்சப் போடாத. எம் மவன் ராஜவேலுவும் ஒன்கூடத்தான் வரான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் அடித்த புயலுக்குப் பிறகு வந்த தை மாதத்தில் ஆமைகள் செத்து ஒதுங்க ஆரம்பித்தன. பங்குனி ஆமை என்று பேர், தை முதலே முட்டையிட வருகிறவை. முதல் வாரம் ஒன்று. அடுத்த வாரம் இரண்டு. மூன்றாவது வாரம் நான்கு, எல்லாம் ஒரே இடத்தில். எல்லாவற்றின் கழுத்திலும் பச்சை நைலான் இழை அறுத்த கோடு. ராஜவேல் முகத்துவாரத்தில் முங்கிப் பார்த்துவிட்டு வெளுத்த முகத்தோடு ஏறினான். புயலில் யாரோ விட்ட பெரிய வலை, மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது, தண்ணீர் உள்வாங்கும்போதெல்லாம் உப்பி உப்பி அடங்குகிறது என்றான். "மூச்சு வுடற மாதிரி கீதுண்ணே."

அதிலிருந்து எழிலரசனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் ஆமை வரும் மாதம் இரண்டு இருந்தது. குளிக்க இறங்குகிற பிள்ளைகள் காலில் மாட்டினால் என்ன ஆகும் என்று என்னிடமே கேட்டான்.

மாசி முதல் ஞாயிறு வலையில் கயிறு கட்டிப் படகால் இழுத்தார்கள். படகில் ராஜவேல் போட்டது உருவு முடிச்சு, ஒரு இழுப்பில் அவிழ்வது. பாரம் ஏறினதும் அது வழுக்கி, வலை மறுபடி அடியில் போய்விட்டது. மறுநாள் இன்னொரு ஆமை ஒதுங்கியது.

அடுத்த ஞாயிறு படகில் ஐந்து பேர். அவன், அவன் மகள் பூர்ணிமா, ராஜவேல், டவுனிலிருந்து வந்த பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். ராஜவேல் கீழே முங்கி வலையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேலே கொடுத்தான்.

"நான் ஏறி வந்து கட்டறேன், இருண்ணே."

"ஒன் முடிச்சு வழுக்குதுடா. இந்தத் தடவ நான் போடறேன்."

படகின் பின்கட்டையில் மில் முடிச்சைப் போட்டான். இன்ஜினை முடுக்கினான். வலை அசைந்தது, எழும்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்போது ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம். எழும்பின வலையை அந்த இழுப்பு மண்மேட்டிலிருந்து தள்ளிப் பள்ளத்தில் போட்டது. படகின் பின்பக்கம் அப்படியே அமிழ்ந்து, தண்ணீர் உள்ளே ஏறியது.

"அவுத்து வுடுண்ணே!" என்று தண்ணீரிலிருந்து ராஜவேல் கத்தினான்.

முடிச்சு கல்லாகியிருந்தது. கத்தி ஒன்றே ஒன்று, அது ராஜவேல் இடுப்பில். பூர்ணிமா பிள்ளைகளை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்றாள். முழங்கால் தண்ணீரில் நின்று, கட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே விரலைக் கொடுத்து நெம்பினான் எழிலரசன். வலை இன்னொரு தடவை இழுத்தது. ராஜவேல் எப்படியோ ஏறிக் கயிற்றை அறுத்தான். படகு நிமிர்ந்தது. ஐந்து பேரும் கரை சேர்ந்தார்கள். எழிலரசனின் வலது கையில் மூன்று விரல் இல்லை.

ஆஸ்பத்திரியில் குஞ்சம்மாள் அவனைத் திட்டவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இருந்தது ஒரு கத்தி, அதையும் எம் மவன் இடுப்புல தண்ணில வுட்டியேடா" என்று மட்டும் சொன்னாள்.

வலை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மற்ற படகுக்காரர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் மார்க்கெட்டில் குஞ்சம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பூர்ணிமாவும் ராஜவேலும் அந்த வலையை எடுக்கப் புதுக் கயிறு வாங்கியிருக்கிறார்கள் என்றாள். பூர்ணிமா அப்பனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். குஞ்சம்மாள் தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்.

எழிலரசன் இப்போது சாரத்தில் வீட்டோடு இருக்கிறான். ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி, இடது கையால் உருவு முடிச்சு போட்டுப் பழகுகிறான்.