மட்டப்பா போட்டது யார்?

சிவகாசியில் அந்தத் தெருவில் பதினேழு வீடுகள். பதினாறு ஓட்டு வீடுகள். ஒன்று மட்டும் மட்டப்பா, மேலே ஓடு இல்லாத மொட்டைத் தளம். அது ஜெயசீலி டீச்சரின் வீடு. 1956 மே மாதம் முடிந்த தளம். இருபத்திரண்டு அடி நீளம், பதினான்கு அடி அகலம், சுற்றிலும் இரண்டரை அடிக் கைப்பிடிச்சுவர்.

தெருப் பெண்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டுபவர்கள். ஒட்டிய கூட்டை உடனே வெயிலில் போட வேண்டும். தெருவில் போட்டால் ஆடு மிதிக்கும், காற்று அள்ளிக்கொண்டு போகும். டீச்சரின் மட்டப்பாவில் அந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே ஏறும் படி அடுப்படிக்குள் இருந்தது. யார் வந்தாலும் வாசலில் நின்று, "டீச்சர், மேல போய்க்கிடட்டுமா?" என்று கேட்டாக வேண்டும். டீச்சர் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு, நிதானமாக, "போ" என்பார். பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னுமாக ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை அந்தக் கேள்வி வரும். சம்பள உயர்வுக்குக்கூட அவர் அத்தனை மகிழ்ந்ததில்லை.

தங்கை ஞானதீபம் நர்ஸ். பத்து வருஷம் வெளியூர் ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டு, 1959 ஜூனில் மாற்றலாகி அதே தெருவின் எதிர்ச்சாரியில் ஒரு ஓட்டு வீட்டை வாங்கிக் குடிவந்தாள். அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது, தங்கைக்கு முப்பத்தாறு. சின்னதிலிருந்தே நல்லதெல்லாம் தங்கை பக்கம்தான் போகும் என்பது டீச்சரின் கணக்கு. 1934 கிறிஸ்மஸுக்கு அப்பா விருதுநகரிலிருந்து இரண்டேகால் கெஜம் நீலப் பட்டு வாங்கி வந்தார். ஒருத்திக்குத்தான் போதும். அது சின்னவளுக்குப் போயிற்று. இருபத்தாறு வருஷம் கழித்தும் அந்தத் துணியின் கரை எத்தனை விரற்கடை என்று டீச்சரால் சொல்ல முடியும்.

1961 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வரும் வழியில் ஞானதீபம் கேட்டாள்.

"அக்கா, ஓட்டைப் பிரிச்சிட்டு மட்டப்பா போடலாம்னு இருக்கேன். நாலு கொத்தனாரப் பாத்துட்டேன். யாரு மேலயும் மனசு ஊனல. உன் வீட்டுத் தளம் அஞ்சு மழைக்கு ஒரு சொட்டு ஒழுகலயே, யாரு போட்டது?"

போட்டவர் விருதுநகர் சங்கிலிமுத்து. வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டவர். தெருவில் யாருக்கும் அவர் பெயர் நினைவில்லை. டீச்சருக்கு மட்டும் தெரியும்.

எதிரே ஒரு மட்டப்பா வந்தால்? நாளைக்குக் கூடு காயப்போடும் மூக்கம்மாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பாள்?

"பெத்தணன்" என்றார் டீச்சர்.

அவர் வகுப்பில் படிக்கும் வேலுத்தாயின் அப்பா பெத்தணன். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்குச் செட்டு எனப்படும் வேலைக்கொட்டகை கட்டுகிறவர். வீட்டு வேலை பார்த்ததே இல்லை. அது டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர் வாயில் வந்தது.

ஒழுகட்டும் என்று அவர் நினைக்கவில்லை. தன் தளத்தை விட ஒரு படி மட்டமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று சாயங்காலம் முழுக்க மனசுக்குள் விளக்கிக்கொண்டே இருந்தார்.

பத்தாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் ஒரு மனிதர் துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, நான் வேலுத்தாய்க்கு அப்பன். இந்த மட்டப்பாவ நான்தான் போட்டேன்னு நர்சம்மாகிட்ட சொன்னீகளாம்."

டீச்சர் கையிலிருந்த நோட்டுகளைத் திண்ணையில் வைத்தார். "நல்லாச் செய்வீகன்னுதான்..."

"நான் இந்த வாசல மிதிச்சதே இன்னைக்குத்தானே! நமக்குத் தெரிஞ்சது கம்பெனி செட்டு. சுவரு கனமா நிக்கணும், கூரை லேசா இருக்கணும். மருந்து வெடிச்சு ஏதும் ஆச்சுன்னா மேல பறந்துரணும். வீட்டுக்கூரை பறந்தா எப்படி டீச்சரம்மா?" என்று சொல்லிச் சிரித்தார். "ஒருக்கா மேல ஏறிப் பாத்துக்கிடட்டுமா?"

அந்தக் கேள்விக்கு முதல் தடவையாக டீச்சரால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பெத்தணன் மேலே போய்க் குத்தவைத்து, விரல் முட்டியால் தளத்தில் பதித்த தட்டோட்டை ஒவ்வொரு முழத்துக்கும் தட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே ஓசை.

"இது பெரிய கைல்லா. யாருங்க போட்டது?"

வேறு வழியில்லை. "விருதுநகர் சங்கிலிமுத்து."

"அப்ப அவரைப் போய்க் கூட்டியாந்துர்றேன். தளம் அவரு போடட்டும். சுவரு, படி, கதவு நான் பாத்துக்கிடுறேன்."

அவர் போனபின் டீச்சர் வாசலிலேயே நின்றார். தங்கையிடம் இந்த ஆள் என்ன சொல்லியிருப்பார்? கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. ஞானதீபமோ ஒன்றும் தெரியாதவள் போல வழக்கம்போல் வந்தாள், காப்பி குடித்தாள், போனாள்.

மார்ச் கடைசியில் எதிர்வீட்டில் தளம் அடிக்கத் தொடங்கினார்கள். எட்டுப் பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கொட்டாப்புளி என்னும் மரக்கட்டையால் செங்கல் ஜல்லியை அடித்தார்கள். அடிக்க அடிக்கத்தான் தளம் இறுகும். டீச்சர் வீட்டில் ஐந்து நாள் அடித்தார்கள். அங்கே ஐந்தாம் நாள் ஓயும் என்று காத்திருந்தார். ஓயவில்லை. ஆறாம் நாளும் சத்தம் கேட்டது. ஏழாம் நாளும் கேட்டது. வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதுகூட அந்தச் சத்தம்தான் அவர் காதில் விழுந்தது.

மே 21, ஞாயிறு, வீட்டுப் பிரதிஷ்டை. சர்ச் ஐயர் ஜெபித்து முடித்ததும் ஞானதீபம் எழுந்து, கூடியிருந்த நாற்பது பேருக்கும் முன்னால் சொன்னாள்:

"இந்த வீட்டுக்குச் சரியான ஆளைக் காட்டிவிட்டது எங்க அக்காதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற பெத்தணன் கும்பிட்டார். டீச்சர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் தங்கையைத் தேடிப் புது மட்டப்பாவுக்குப் போனார்.

"ஞானம், அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"தெரியும்."

"எப்ப?"

"ஜனவரியிலயே. பெத்தணன் வந்த மொத நாளே சொல்லிட்டாரு, டீச்சர் வீட்டுப் படிய மிதிச்சதே இல்ல, மட்டப்பா போட எனக்குத் தெரியாதுன்னு."

"பெறகு எதுக்கு அவரையே வச்ச?"

"மத்த நாலு பேரும் எல்லாம் தெரியும்னாகக்கா. எது கேட்டாலும் தெரியும், தெரியும். தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆளு இவருதான். விடுவனா?"

டீச்சருக்கு அவமானம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வரவும் செய்தது. அதை முந்திக்கொண்டு வந்தது பழைய எரிச்சல்தான். பொய் சொல்லி ஒரு ஆளைக் காட்டினாலும், அந்த ஆளும் இவளுக்கு நல்ல ஆளாகவே அமைகிறானே!

"சரி, எதுக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள் ஞானதீபம்.

"நீலப் பட்டு" என்றார் டீச்சர்.

தங்கைக்கு விளங்கவில்லை. "எந்த நீலப் பட்டு?"

அது அவளுக்கு நினைவிலேயே இல்லை. டீச்சர் கீழே இறங்கினார். இறங்கும்போதுதான் படியைச் சரியாகப் பார்த்தார். அது அடுப்படிக்குள் இல்லை. பெத்தணன் தன் செட்டு வழக்கப்படி, எங்கே நின்றாலும் வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும் என்று, தெருப் பக்கம் ஒன்றும் கொல்லைப் பக்கம் ஒன்றுமாக, மூன்றடி அகலத்தில் இரண்டு படிக்கட்டு கட்டியிருந்தார். தெருப் படியில் ஏற யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை மூக்கம்மாள் முறத்தோடு அந்தப் படியில் ஏறினாள். புதன்கிழமைக்குள் ஆறு பேர் போனார்கள். ஜூன் முதல் வாரத்தில் டீச்சரின் அடுப்படி வாசலில் ஒருவரும் இல்லை.

"ஏன் மூக்கம்மா, நம்ம வீட்டுப் பக்கமே காணோம்?" என்று வாய்விட்டே கேட்டார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க 'போ'ங்குற வரைக்கும் முறத்தோட நின்னு நின்னு இடுப்பு விட்டுப்போச்சு. அங்கன கேக்க வேண்டாம்லா!"

அடுத்த சனிக்கிழமை ஜெயசீலி டீச்சர் விஸ்வநத்தத்துக்குப் பஸ் ஏறினார். செட்டு வேலையில் நின்ற பெத்தணனைக் கண்டுபிடித்து, தன் வீட்டுக்கும் வெளிப்படி ஒன்று கட்ட வேண்டும் என்றார்.

"கட்டிருவோம். ஆனா உடனே முடியாது டீச்சரம்மா. நர்சம்மா ஆஸ்பத்திரில ரெண்டு பேருக்கு என்னையச் சொல்லியிருக்காக. அது முடிஞ்சா மழை வந்துரும். தை பிறக்கட்டும்."

"ரெண்டு பேருக்கா? அவ சொன்னாளா?"

"ஆமா. அதுக்கு மொதல்ல சொன்னது நீங்கதான?" என்றார் பெத்தணன், உண்மையான நன்றியோடு. "டீச்சரம்மா சொல்லலேன்னா நமக்கு வீட்டு வேலை எங்கன வரப் போகுது?"

டீச்சர் குடையை விரித்தார். தைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. பஸ்ஸுக்குத் திரும்பி நாலடி வைத்தவர், ஒரு நினைப்பு வந்து பெத்தணனிடமே திரும்பினார்.

"படி அகலம் அங்க மாதிரி மூணடி இல்ல, மூணரை வச்சிருங்க" என்றார்.