பெயர் தேய்ந்த பதக்கம்

விடுதலைப் போராட்டங்களின் நினைவாக அடித்த பதக்கங்களை முப்பது வருடமாகச் சேர்க்கிறேன். எனக்கே சலித்துவிட்டது. இலங்கை மலையகத்துப் பதுளையில் எங்கள் பாத்திரக்கடை மாடியில் மூன்று தகரப்பெட்டி நிறைய விடுதலை கிடக்கிறது, தூசி தட்டத்தான் ஆளில்லை. "பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்பாள் மனைவி. அவளோடு மல்லுக்கட்டவும் இப்போது தெம்பில்லை.

ஒரு பிடிவாதம் மட்டும் போகவில்லை. பொய்யான பதக்கம் எதுவும் என் பெட்டிக்குள் நுழையக்கூடாது. சந்தேகம் வந்தால், கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனாலேயே எனக்கு நண்பர்கள் குறைவு.

போன மாசியில் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா சொல்லியனுப்பினார். தோட்டத்து மக்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் பட்டினி கிடந்தவர்களுக்குத் தொழிற்சங்கம் ஒன்று கொடுத்த பதக்கம் வீட்டில் இருக்கிறதாம். அவருடைய அப்பா வாங்கியதாம். என்னிடம் இல்லாத பதக்கம். இரண்டு பஸ் மாறி, முழங்காலைத் திட்டிக்கொண்டே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறினேன்.

கொழுந்து பறித்து ஓய்ந்தவர், எழுபது தாண்டியிருக்கும். சாமித்தட்டிலிருந்து பதக்கத்தை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தார்.

"விக்கிறதுக்குக் கூப்புடலீங்க. பின்னால அப்பா பேரு வெட்டியிருக்கு. எனக்கு எழுத்துத் தெரியாது. ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க."

இதற்காகவா இவ்வளவு தூரம் என்று எரிச்சலாக வந்தது. திருப்பிப் பார்த்தேன். பித்தளை வழவழவென்று மின்னியது. ஓர் எழுத்துகூட இல்லை.

"இத எதுல தேய்ப்பீங்க?"

"புளியும் சாம்பலும்ங்க. வெள்ளிக்கெழம வெளக்கோட சேத்துத் தேய்ப்பேன். அப்பா போனதுலேருந்து ஒரு வாரம் தவறுனதில்ல."

அத்தனை வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்து பெயரைக் கரைத்துவிட்டன. வேறு யாராவது என்றால் சொல்லியிருப்பேன். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்குங்க" என்றேன். "நல்லாவே இருக்கு."

"அப்ப வாசிங்க."

அந்தப் பெயர் எனக்குத் தெரியாதே! கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பதக்கத்தை அப்படியும் இப்படியும் சாய்த்துத் திருட்டு முழி முழித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரே அப்பாவின் பெயரைத் தாத்தாவின் பெயரோடு சேர்த்து மெதுவாகச் சொன்னார்.

"இப்படித்தானேங்க வெட்டியிருக்கு?"

"ஆமாங்க. அப்படியேதான்."

முப்பது வருடத்தில் நான் உள்ளே விட்ட முதல் பொய் அதுதான். வெட்கமாக இருந்தது, ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மனமில்லை. அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

பதக்கத்தைச் சாமித்தட்டில் வைத்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"முன்னயெல்லாம் தேய்க்கயில அந்தப் பேரு விரல்ல தட்டுப்படுங்க. கொஞ்ச வருசமா விரலுக்குத் தட்டுப்பட மாட்டேங்குது. ஒங்க கண்ணுக்குத் தெரியுதுன்னா சரிதாங்க."