அகலத் திரையின் ஓரம்

மருந்துப் பெட்டிகளும் அவற்றுக்குள் மடித்து வைக்கும் தாள்களும் அச்சாகும் அந்த பிரஸ்ஸில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஒரேயொரு கமாவுக்காக, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அவள் கமா அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அக்காதான். எந்தத் தாளும் அவள் படித்து, கீழ் மூலையில் சிவப்புப் பேனாவால் கையெழுத்து வைத்த பிறகுதான் மெஷினுக்குப் போகும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வழக்கம்.

அகல மானிட்டர்கள் வந்திறங்கிய அன்று எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள்.

"ஆளுக்கொரு தியேட்டர் வாங்கிக் குடுத்திருக்கார் முதலாளி," என்றான் கட்டிங் மெஷின்காரன்.

அவற்றை வாங்க வைத்தது டிசைனர். பதினாலு வருடமாக அக்காவுக்கு அடுத்த மேஜை. மூலப் பக்கத்தையும் புரூஃபையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்து அவளுக்கு மணிக்கட்டு வலி வந்ததைக் கண்டு, முதலாளியிடம் மூன்று முறை போய் நின்றவன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"இனிமே தட்டவே வேண்டாம்க்கா. மூலம் இந்தப் பக்கம், புரூஃப் அந்தப் பக்கம். ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கலாம்."

அக்கா அரை நாள் வேலை செய்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"தம்பி, நாம படிக்கிறது மேலேர்ந்து கீழே. இது பக்கவாட்டுல வளந்து நிக்குது. நெட்டை ஆளுக்கு அகலப் போர்வை வாங்கின மாதிரி. எப்படி இழுத்தாலும் கால் வெளியதான் இருக்கும்."

அதில் நியாயம் இருந்தது. முழுப்பக்கம் தெரிய வேண்டுமென்றால் எழுத்து எறும்பாகிவிடும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தின் கீழ்ப்பாதி காணாமல் போகும். ஆனால் மற்றவர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். அக்காவுக்கு மட்டும் கழுத்து வலித்தது. மவுஸின் அம்புக்குறி எங்கே போனதென்று தேடித் தேடிச் சலித்தாள். கடைசியில் திரையின் நடுவில் ஒரு சின்ன ஜன்னலை வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே ஒவ்வொரு பக்கமாகப் பழையபடி படிக்க ஆரம்பித்தாள்.

"நாலு மனை வாங்கி நடுவுல ஒரு கோழிக்கூடு கட்டியிருக்கீங்களே அக்கா," என்றான் டிசைனர். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "பழைய சதுர மானிட்டரைக் குடுத்துடச் சொல்லு," என்றாள்.

மெஷின் சத்தத்தில் பேசினால் காதில் விழாது என்பதால் இருவரும் கணினியில்தான் பேசிக்கொள்வார்கள். அவன் அனுப்புவது அவளுடைய திரையின் வலது கீழ் மூலையில் வந்து நிற்கும். முன்பெல்லாம் மூச்சு விடுவதற்குள் பதில் வரும், அவனுடைய எழுத்துப் பிழையைத் திருத்தி. புது மானிட்டர் வந்ததிலிருந்து பதிலே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவன் முடிவு கட்டினான். நல்லது செய்யப் போய்ப் பொல்லாப்பு.

வீட்டில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். செய்தித்தாளிலும் சிவப்புப் பேனாவால் திருத்துகிறவள் ஆயிற்றே. சில மாதங்களாக அவளுடைய வலது முழங்கையில் ஒரு கன்றல் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. மேஜை ஓரத்தில் இருந்த டம்ளர்கள் கீழே போயின.

"டீச்சர், வாசல் நிலைக்கும் உனக்கும் அப்படி என்ன பகை? போகும்போதெல்லாம் ஒரு இடி இடிச்சுட்டுப் போறே?"

"வீட்டைக் கட்டினவன் வாசலைக் குறுகலா வச்சுட்டான்," என்பாள்.

மூன்றாவது வாரம் குழந்தைகளுக்கான இருமல் மருந்துத் தாள் ஒன்று வந்தது. குழந்தையின் எடைக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்ற அட்டவணை. அவள் தன் சின்ன ஜன்னலை விரித்துப் பார்க்க வேண்டிய அகலம். நடுவில் வெற்றிடம் விட்டு, கடைசிக் கட்டம் வலது ஓரத்தில் தனியாக இருந்தது. அனுப்பிய பிறகுதான் டிசைனர் தன் தப்பைக் கவனித்தான். கடைசிக் கட்டத்தில் இரண்டரை மில்லி என்பது, நடுவில் புள்ளி விழாமல், இருபத்தைந்து ஆகியிருந்தது. உடனே அவளுக்கு எழுதினான். பதில் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. இருபத்தைந்து அப்படியே இருந்தது. கீழே சிவப்புக் கையெழுத்து.

தாளோடு எழுந்து போனான்.

"என்மேல கோபம்னா என்னைத் திட்டுங்கக்கா. குழந்தைங்க குடிக்கிற மருந்து இது."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். தலையைத் திருப்பி, விரல் வைத்து, கட்டம் கட்டமாகக் கடைசிவரை போனாள். இருபத்தைந்தில் விரல் நின்றது.

"இந்தக் கட்டம் திரையில இல்லையேப்பா."

"இருந்துச்சு. நான் மெசேஜ் வேற அனுப்பினேன்."

"எந்த மெசேஜ்?"

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. "சரி, இப்போ ஒண்ணு அனுப்புறேன். பாருங்க." தன் மேஜைக்குப் போய்த் தட்டிவிட்டுத் திரும்பி வந்து அவள் பின்னால் நின்றான். செய்தி மூலையில் வந்து நின்றிருந்தது. பச்சைக் கட்டம், பளிச்சென்று. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்பு தம்பி, பாத்துக்கிட்டுதானே இருக்கேன்," என்றாள்.

அவன் அவள் தோளைத் தொட்டான். "தலையை இந்தப் பக்கம் திருப்புங்கக்கா."

திருப்பினாள். படிக்காத செய்திகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அக்கா, கழுத்து வலின்னா உயரத்தைக் குறைக்கவா. அக்கா டீ வந்தாச்சு. கடைசிக் கட்டத்துல புள்ளி விட்டுப்போச்சு பாத்துக்குங்க. எல்லாவற்றுக்கும் அடியில், இப்போது அனுப்பியது: கோபமா அக்கா.

கண் ஆஸ்பத்திரிக்குக் கணவர் கூட வந்தார். ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் சோதனை செய்யும் பெண். நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். வேறெங்காவது வெளிச்சம் மின்னினால் அழுத்த வேண்டும். அக்கா சில முறை அழுத்தினாள். பிறகு கட்டைவிரலை வைத்தபடி காத்திருந்தாள். நெடுநேரம் ஆயிற்று.

"மெஷின் நின்னுடுச்சாம்மா?"

"இல்லம்மா. ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீங்க நேராவே பாருங்க," என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

காகிதத்தில் ஓரமெல்லாம் கறுப்பாக வந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. கண்ணுக்குள் அழுத்தம், வலியில்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும் என்றார் டாக்டர். போனது வராது, தினமும் சொட்டு விட்டால் மிச்சத்தைக் கொஞ்சம் காப்பாற்றலாம். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

அக்காவின் அம்மா கடைசி வருடங்களில் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கண் என்ன பிடரியிலா இருக்கு என்று இவள்தான் கத்துவாள்.

"அம்மாவுக்கு," என்றாள்.

திரும்பி வரும் வழியில் கணவர் அவளுடைய வலது பக்கமாக நடந்தார். வாசல் நிலை பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

மறுநாள் அவளே முதலாளி அறைக்குப் போனாள். "மருந்துத் தாள் இனி எனக்கு வேண்டாம். என் கையெழுத்தை நம்பித்தான் ஒரு பெத்தவ குழந்தை வாயில ஊத்துவா. வெளிப் பெட்டி, சின்ன லேபிள், அதெல்லாம் குடுங்க. அதையும் எனக்கப்புறம் இன்னொருத்தர் பாக்கட்டும்." முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரிக்கா என்றார். வேறென்ன சொல்வார்?

டிசைனர் கிடங்கிலிருந்து பழைய சதுர மானிட்டரைத் தூக்கி வந்து நின்றான். "கடைசியில நீங்கதான் ஜெயிச்சீங்க," என்று வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான்.

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்," என்றாள் அக்கா.

"இது உங்களுக்கு ஆகாதேக்கா."

"அதுல எனக்கு எல்லாம் தெரியுற மாதிரியே இருக்கும். இது பொய் சொல்லாது."

மாதம் ஒருமுறை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவள் திரையின் நடுவில் ஓர் எழுத்தை வைத்து அதையே பார்த்தபடி அம்புக்குறியை வலது பக்கமாக நகர்த்துவாள். அது மறைந்ததும் தலையைத் திருப்பி, அது நின்ற இடத்தைப் பார்த்து, அதற்கு நேர்கீழே மானிட்டரின் சட்டத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். பிறகு இடது பக்கம்.

சனிக்கிழமைதோறும் மானிட்டர்களை ஈரத்துணியால் துடைப்பது டிசைனரின் வேலை. அவள் மேஜையில் அந்தப் புள்ளிகளை அவன் பார்த்தான். வலது பக்கம் மூன்று. இரண்டாவது முதலாவதை ஒட்டியே இருந்தது. மூன்றாவது, ஒரு விரல் அளவு உள்ளே.

துணியை மடித்து, புள்ளிகளில் ஈரம் படாமல், அவற்றைச் சுற்றித் துடைத்தான்.